பிள்ளையின் வயதை யார் சொல்வது?

(தவக்காலம் நான்காம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்துவடிவம்)



இன்று நாம் கேட்ட நற்செய்தி யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்கு இயேசு பார்வை தருகிறார். வழக்கமாக நாம் அந்தப் பார்வையைப் பற்றியும், கண்ணில் பூசிய சேற்றைப் பற்றியும், சிலோவாம் குளத்தைப் பற்றியும் சிந்திப்போம். இன்று அந்த நிகழ்ச்சியின் நடுவே வந்துபோகும் இரண்டு பேரை மட்டும் உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர்கள் அந்த மனிதரின் தாயும் தகப்பனும்.

சமயத் தலைவர்கள் அவர்களை அழைத்து விசாரிக்கிறார்கள். இவன் உங்கள் மகன்தானா, பிறவிக் குருடன்தானா, இப்போது எப்படிப் பார்க்கிறான் என்று கேட்கிறார்கள். மகன் என்பதை அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசப் பயம். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் அவனுக்குத்தான் வயது ஆகிவிட்டதே, அவனையே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, அவர்கள் சொன்னது பொய்யில்லை. அவன் வயது வந்தவன்தான். ஆனால் அந்த உண்மையை அவர்கள் மகனுக்குத் துணையாகச் சொல்லவில்லை. தாங்கள் தப்பித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பிள்ளை சிக்கலில் மாட்டிக்கொண்டால் நாமும் இதைத்தானே சொல்கிறோம்? "மீசை முளைத்துவிட்டது, இவன் என்ன குழந்தையா?" என்கிறோம். "செய்யும்போது தெரியவில்லையா, அனுபவிக்கட்டும்" என்கிறோம். ஊரார் சொல்கிறார்கள், உறவினர் சொல்கிறார்கள், சில வீடுகளில் பெற்றவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

தவறு செய்த ஒரு பிள்ளை நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது, நம் நாட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே கேட்டுத் தீர்க்கவேண்டிய கேள்வி, "இவனுக்கு என்ன வயது?" என்பது. அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம், அதற்கு எப்படிப் பதில் காண்கிறார்கள், அதற்குப் பிறகு என்ன தண்டனை தருகிறார்கள், இதில் பெற்றோராகவும் பங்கு மக்களாகவும் நம் கடமை என்ன என்பதை இன்று சிந்திப்போம்.

வயதைப் பார்த்துத் தண்டனையைக் குறைப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. நம் திருச்சபைச் சட்டமே இதைச் சொல்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பதினாறு வயது நிறைவடையாத ஒருவருக்குத் திருச்சபையின் தண்டனை எதுவும் பொருந்தாது. பதினாறைக் கடந்து பதினெட்டை எட்டாதவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் அது குறைக்கப்பட வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தன் செயலுக்குப் பொறுப்பாளியாகவே கருதப்படுவதில்லை. நம் நாட்டின் குற்றவியல் சட்டத்திலும் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றம் ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்ததன் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்கவேண்டும்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. தவறு செய்த சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்து, தனி விசாரணை, தனி இல்லம் என்று வகுத்த குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலில் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில்தான், 1920இல். பிறகு 1986இல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. அதில் ஆண்பிள்ளைக்குப் பதினாறு, பெண்பிள்ளைக்குப் பதினெட்டு என்று எல்லை வைத்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் பதினெட்டு என்று ஆக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அது 2016 ஜனவரி 15 முதல் அமலில் உள்ளது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் பழமொழி சொல்கிறோம். பெரும்பாலும் பிள்ளையை அடிப்பதற்குத்தான் அதைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: சிறு வயதில் வளையும். நம் தர்மபுரியின் மாந்தோப்புக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கன்று கோணலாக வளர்ந்தால் அதை வெட்ட மாட்டார்கள். பக்கத்தில் ஒரு கொம்பு நட்டுக் கட்டுவார்கள். பதினெட்டு என்ற எல்லைக்கு அடியில் இருக்கும் எண்ணமும் இதுதான்.

சரி, அந்த வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நீதிபதி பார்த்து, "பார்த்தால் இருபது வயது போலிருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. பார்த்தவுடனேயே குழந்தை என்று தெளிவாகத் தெரிந்தால் அப்படியே குறித்துக்கொண்டு மேலே செல்லலாம். சந்தேகம் இருந்தால் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசையைச் சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ், அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியத்தின் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவுமே இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. அதாவது எலும்பு எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. உத்தரவிட்ட நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் அந்தச் சோதனையை முடிக்கவேண்டும்.

மருத்துவச் சோதனை ஏன் கடைசியில் வருகிறது? எலும்பு நாள்காட்டி போலத் தேதி சொல்லாது. ஓரிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். பதினேழா பத்தொன்பதா என்று தெரியாத இடத்தில் அந்த இரண்டு வருடம் ஒருவனின் வாழ்க்கையையே மாற்றிவிடும்.

இன்னொரு முக்கியமான செய்தி. எந்த நாளின் வயதைக் கணக்கிடுவது? கைதான நாளா, தீர்ப்பு நாளா? 2005இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைத் தெளிவாக்கியது: குற்றம் நடந்த நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. அதோடு, "அப்போது எனக்குப் பதினெட்டு ஆகவில்லை" என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. முடிந்துபோன வழக்கை எதற்குத் திறக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1994 நவம்பரில் டேராடூனில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். கொடுமையான நிகழ்ச்சி. அந்த வீட்டில் வேலை செய்துவந்த ஒருவன் பிறகு கைதானான். எனக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை என்று அவன் சொன்னான். ஆனால் அவன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததைக் காட்டி, அவன் வயது வந்தவன் என்று விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது. மரண தண்டனை கொடுத்தார்கள். மேல் நீதிமன்றங்களும் அதை உறுதி செய்தன. 2012இல் குடியரசுத் தலைவர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அறுபது வயது வரை விடுதலை கிடையாது என்ற நிபந்தனையோடு. அந்த மனிதர் மறுபடியும் மறுபடியும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். கடைசியில் 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நடந்தபோது அவருக்கு வயது பதினான்கு. சட்டப்படி அவர் சிறப்பு இல்லத்தில் இருந்திருக்க வேண்டியது அதிகபட்சம் மூன்று ஆண்டு. அவர் சிறையில் கழித்தது ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எம்.எம். சுந்தரேஷ், நம் பக்கத்து ஈரோட்டைச் சேர்ந்தவர். நீதிமன்றங்கள் செய்த தவறால் இவர் துன்பப்பட்டார் என்பதை அந்தத் தீர்ப்பு ஒளிக்காமல் ஒத்துக்கொண்டது.

இரண்டாவது நிகழ்ச்சி புனேயில் நடந்தது, அதே 1994இல், ஆகஸ்டு மாதத்தில். ஒரே வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர். மரண தண்டனை. காவல்துறை ஏட்டில் அவர் பெயர் ஒன்று, ஊர்ப் பள்ளி ஏட்டில் அவருடைய உண்மையான பெயர் வேறு. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளி ஏடு நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் நடந்த நாளில் அவருக்குப் பன்னிரண்டு வயது ஆறு மாதம்! 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். பன்னிரண்டு வயதில் நம் பிள்ளை ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அந்த வயதில் செய்ததற்காகத் தூக்குக் கயிற்றை நினைத்துக்கொண்டே ஒருவர் நாற்பது வயதைத் தொட்டார்.

அன்பார்ந்தவர்களே, இந்த இரண்டு பேரையும் காப்பாற்றியது ஒரு துண்டுக் காகிதம். அந்தக் காகிதம் தக்க நேரத்தில் வராததால் ஓர் ஆயுளின் பெரும்பகுதி போய்விட்டது. ஏழையின் வீட்டில்தான் அந்தக் காகிதம் இருப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இளவயது என்ற பாதுகாப்பைப் பொய்யாகக் கேட்பவர்களும் உண்டு. 2012இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் பள்ளி ஏடுகள் நம்பும்படி இல்லாததால், உச்ச நீதிமன்றம் மருத்துவச் சான்றை ஏற்று, இளஞ்சிறார் என்ற கோரிக்கையைத் தள்ளியது. குழந்தைகளுக்காகக் கட்டிய கூரையின் கீழ் பெரியவர்கள் வந்து ஒளிந்துகொள்ளக் கூடாது. தலைமையாசிரியரைச் சரிக்கட்டி வயதை மாற்றி வாங்குவது கடவுளுக்கு எதிரான பொய்; உண்மையிலேயே சிறுவனாக இருப்பவன் நாளை சொல்லும் வார்த்தையையும் அது செல்லாததாக்கிவிடும்.

வயது முடிவான பிறகு தண்டனைக்கு வருவோம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் வழக்கைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்காது. மாவட்டந்தோறும் உள்ள இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். இந்த அமைப்பை எண்ணிப் பாருங்கள். சட்டம் படித்தவர் மட்டும் போதாது, பிள்ளைகளை அறிந்தவர்களும் வேண்டும், ஒரு தாயின் கண்ணும் வேண்டும் என்று சட்டமே நினைத்திருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தருவார். அப்பா குடிக்கிறாரா, அம்மா எங்கே, பள்ளிக்கூடத்தை எப்போது விட்டான், யாரோடு சுற்றினான் என்று பார்ப்பார்கள்.

குற்றம் நிரூபணமானால் குழுமம் என்ன செய்யலாம்? அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். ஆற்றுப்படுத்தும் கலந்துரையாடலுக்கு அனுப்பலாம். சமூகப் பணி செய்யச் சொல்லலாம். பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். அபராதம் விதிக்கலாம். அதிகபட்சமாகச் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைக்கலாம்; அங்கே படிப்பும் தொழிற்பயிற்சியும் உண்டு.

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையை நாம் யாரும் மறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் ஆறு மாதம் இருந்தது. பள்ளி ஏட்டின்படி வயது முடிவானது. மூன்று ஆண்டு என்று தீர்ப்பானது. நாடு கொதித்தது. அந்தப் பெண்ணின் தாயின் கண்ணீருக்கு முன்னால் எந்தச் சட்ட விளக்கமும் நொண்டியாகத்தான் தெரியும். அந்தக் கொதிப்பில்தான் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதன்படி, குறைந்தபட்சம் ஏழாண்டுத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தைப் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் ஒருவன் செய்தால், குழுமம் ஒரு முன்மதிப்பீடு செய்யும். அந்தச் செயலைச் செய்ய அவனுக்கு உடலளவிலும் மனத்தளவிலும் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொண்டானா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்க்கும். தேவைப்பட்டால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று முடிவாகும்.

ஆனால் அங்கும் இரண்டு எல்லைகள் உண்டு. மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. இருபத்தொரு வயது வரை அவன் சிறைக்குப் போவதில்லை. பாதுகாப்பான தனி இடத்தில் இருப்பான். இருபத்தொன்றை எட்டும்போது, இவன் திருந்தியிருக்கிறானா என்று நீதிமன்றம் மறுபடியும் பார்க்கவேண்டும்.

இதைப் படிக்கும்போது தொடக்கநூலின் காயின் என் நினைவுக்கு வருகிறான். உலகின் முதல் கொலைகாரன் அவன். கடவுள் அவனை விசாரித்தார். தண்டனையும் கொடுத்தார், செய்ததைச் சும்மா விடவில்லை. ஆனால் யாரும் அவனைக் கொன்றுவிடாதபடி அவன்மேல் ஓர் அடையாளமும் இட்டார். ஆபேலின் இரத்தத்தின் குரலைக் கேட்டவரும் அவர்தான், காயினின் உயிரைக் காத்தவரும் அவர்தான். பாதிக்கப்பட்டவரின் அழுகையைக் கேட்காத இரக்கம் இரக்கமல்ல. தவறு செய்த பிள்ளைக்கு நாளை என்று ஒன்றை விட்டுவைக்காத நீதியும் நீதியல்ல. இரண்டையும் ஒரே கையில் பிடிப்பது கடினம். கடவுள் அதைத்தான் செய்தார், நம்மையும் அதற்குத்தான் அழைக்கிறார்.

சட்டம் எழுத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறை எப்போதும் அப்படி இல்லை. நம் மாவட்டத்துக்கே இது தெரியும். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் அரசு அதிகாரிகளே புகுந்து செய்த கொடுமைகளை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது பெண்களோடு குழந்தைகளும் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வழக்கில் 2011இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீதி வந்தது, ஆனால் அன்று சிறைக்குள் இருந்த குழந்தைகள் அதற்குள் பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள்.

அண்மையிலும் ஒன்று நடந்தது. 2022 டிசம்பர் கடைசியில், திருட்டு வழக்கில் பிடிபட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் இறந்துபோனான். அங்கே பணிபுரிந்தவர்களே அடித்ததாக வழக்கு பதிவாகி, அவர்கள் கைதானார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு, இத்தகைய இல்லங்களைச் சீர்செய்யப் பரிந்துரைக்கும்படி ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர்க் குழுவை அமைத்தது. அந்தச் சிறுவனின் வயதைச் சட்டம் சரியாகத்தான் கணித்தது. ஆனால் அவனைக் குழந்தை என்று பார்க்கவேண்டிய மனிதர்கள் அப்படிப் பார்க்கவில்லை. சான்றிதழில் பதினேழு என்று இருந்தால் மட்டும் போதாது. நம் கண்ணுக்கும் அவன் பதினேழாகத் தெரியவேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இப்போது நம் வீட்டுக்கும் நம் பங்குக்கும் வருவோம். நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களில் தகப்பனும் தாயும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆயாவோடும் தாத்தாவோடும் வளர்கிறார்கள். அந்த ஆயா பாவம், சோறு போடுவார், ஆனால் பேரன் யாருடைய பைக்கில் ஏறிப் போகிறான் என்று அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? நான்கு காரியங்களைச் சொல்கிறேன், தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிறப்பைப் பதிவுசெய்யுங்கள். குழந்தை பிறந்த இருபத்தொரு நாளுக்குள் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. வீட்டில் பிரசவமான குழந்தைக்கும் இது பொருந்தும். தாமதமாகியிருந்தாலும் வழி இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். நம் கோவிலில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறதே, சாமியாரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது திருச்சபைக்கான ஆவணம். நான் சொன்ன 94ஆம் பிரிவின் வரிசையில் அது இல்லை. ஆகவே திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும்போதே பிறப்புச் சான்றிதழையும் வாங்கிவிட்டோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பள்ளியில் சேர்க்கும்போது உண்மையான தேதியைக் கொடுங்கள். சீக்கிரம் சேர்க்கவேண்டும் என்று ஒரு வயதைக் கூட்டிச் சொல்வது நம்மிடம் பழைய பழக்கம். ஆறு வயது என்று சொல்லிச் சேர்த்த ஐந்து வயதுப் பிள்ளை, பதினேழில் மாட்டிக்கொண்டால் காகிதத்தில் பதினெட்டாக நிற்பான். மாற்றுச் சான்றிதழான டி.சி. இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜூலையில், பாதிக்கப்பட்ட பெண்ணின் வயது பற்றிய தமிழ்நாட்டு வழக்கொன்றில், டி.சி.யும் பள்ளிச் சேர்க்கை ஏட்டின் நகலும் சட்டம் கேட்கும் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் எலும்புச் சோதனையை வைத்து முடிவு எடுக்கவேண்டியதாயிற்று. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்கும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் அதே பிரிவுதான், அதே காகிதம்தான். நம் மகளைக் காப்பதும் அதுவே.

மூன்றாவது, பிள்ளை பிடிபட்டால் ஒதுங்கிப் போகாதீர்கள், கூடவே நில்லுங்கள். பதினெட்டு வயது நிறையாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். ஜாமீன் கிடைப்பது பொது விதி. மறுப்பதற்குத்தான் காரணம் சொல்லவேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பிள்ளைகள் சம்பந்தமான எந்த ஆபத்துக்கும் 1098 என்ற எண் இருக்கிறது. போகும்போது பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நான்காவது, இது நம் எல்லாருக்கும். பிடிபட்ட பிள்ளையின் படத்தையும் பெயரையும் வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை திருந்தி வந்து நாளை வேலை தேடும்போது அந்தப் படம் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். பெரும்பாலான வழக்குகளில் இந்தக் குற்றப் பதிவு அவனுடைய எதிர்காலத்துக்குத் தடையாகக் கூடாது, பதிவுகளையே அழிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் அழித்ததை நாம் கைபேசியில் சேர்த்துவைக்கலாமா?

புனித தொன் போஸ்கோ குருவானபோது, புனித யோசேப்பு கஃபாசோ அவரைத் தூரின் நகரத்துச் சிறைகளுக்குக் கூட்டிச் சென்றார். அங்கே அடைபட்டுக் கிடந்த சிறுவர்களைக் கண்டு அவர் நெஞ்சு உடைந்தது. வெளியே வந்தபின் போவதற்கு இடமும் கேட்பதற்கு ஆளும் இல்லாததால்தான் இவர்கள் மறுபடி உள்ளே வருகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். அந்த அறிவிலிருந்துதான் அவருடைய பணியெல்லாம் வளர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே, 2013 மார்ச் 28, புனித வியாழனன்று, உரோமையில் உள்ள இளஞ்சிறார் சிறைக்குச் சென்று பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டுவிட்டு அவர் குனியவில்லை.

இன்னும் சில வாரங்களில் நம் கோவிலிலும் அந்தப் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். அதற்கு முன் நம் தெருவில், நம் அன்பியத்தில், இப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளை, வெளியே தலைகாட்டக் கூச்சப்படும் தாய், யாரும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடாத குடும்பம். அந்த வாசற்படியை ஒரு முறை மிதியுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு வேலையோ, ஒரு தொழிற்பயிற்சியோ, மறுபடி ஒரு பள்ளிக்கூடமோ கிடைக்க உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். அவனால் பாதிக்கப்பட்ட வீடும் நம் ஊரிலேயே இருந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்.

பார்வை பெற்ற மனிதரைத் தலைவர்கள் வெளியே தள்ளினார்கள். பெற்றோர் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டார்கள். அவர் தனியாக நின்றபோது, அவரை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இயேசு தாமே அவரைக் கண்டு பேசினார். அவன் வயது வந்தவன், தானே வழி பார்த்துக்கொள்வான் என்று ஆண்டவர் விட்டுவிடவில்லை.

மன்றாடுவோம். இரக்கமுள்ள தந்தையே, தவறு செய்து கலங்கி நிற்கும் எங்கள் பிள்ளைகளை உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்களால் காயப்பட்டவர்களுக்கு ஆறுதலும் நீதியும் தாரும். வயதைக் கணிக்கும் நீதிபதிகளுக்கு உண்மையைக் காணும் கண்ணைத் தாரும். இல்லங்களில் பணிபுரிபவர்களுக்குப் பெற்ற மனத்தைத் தாரும். எங்கள் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் நாளில் ஒதுங்கிப் போகாமல் கூட நிற்கும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.